அண்ணன் சீரா வந்த சஸ்பென்ஷன்

கோபியில எங்கய்யன் சேத்த பூமி பூராம் அண்ணனுக்கே. பொட்டப்புள்ளைக்கு எதுக்குன்னாங்க, நானும் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். எனக்குன்னு கேட்டது எங்கய்யன் ஓட்டுன பழைய பியட் கார் ஒண்ணுதான்.

கோயமுத்தூர் கொண்டாந்து ஓட்டிப்பார்த்தா, கொஞ்சம் வேகமெடுத்தாலே ஸ்டீரிங் கையில நிக்காம ஆடுது. காந்திபுரத்துல மெக்கானிக் முஸ்தபா அடியில குனிஞ்சு பார்த்தாரு. "சக்கரத்தைத் தாங்கற ஆர்ம் எல்லாம் கல்லாட்ட இருக்குதுங்கம்மா. தேஞ்சுபோன கிங்பின்னும் புஷ்ஷும் மட்டும் புதுசு போட்டுக் கோத்துரலாமுங்க."

அண்ணன் சென்னியப்பன் விடலை. "எதுக்கு அம்மணி பழசை நோண்டிக்கிட்டு? புது வண்டியோட முன்பக்கத்தையே வெச்சுரலாம், டிஸ்க் பிரேக்கோட."

"வேண்டாமுங்ணா. அய்யன் ஓட்டுன மாதிரியே இருக்கோணும்."

"சரி, உன்ற இஷ்டப்படியே என்ற மில்லு பட்டறையில செஞ்சு தர்றேன். அண்ணன் சீருன்னு வெச்சுக்க."

சீருன்னு சொன்னதுக்கப்புறம் எங்க பக்கத்துல எவ வேண்டாம்பா? சாவியைக் குடுத்துப்போட்டேன்.

திரும்பி வந்த வண்டி துளி ஆட்டமில்லாம ஓடுச்சு. ஆனா முன்சக்கரத்துக்கு உள்ளே இருந்த சஸ்பென்ஷன் பூராம் வேற சாமான். கேட்டா, "பழசு இத்துப்போச்சு அம்மணி, காயலாங்கடைக்குப் போட்டாச்சு"ன்னாரு. சீரைக் குத்தம் சொல்லக்கூடாதுன்னு அதையே ஓட்டிக்கிட்டிருந்தேன்.

தை மாசம் அவரு மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை காரும் அதே மாடல் பியட்டுதான். அண்ணன் எங்கியோ வெறுங்கூடா வாங்கி வருசக்கணக்கா ஷெட்டுல போட்டிருந்தது. ஒரிஜினல் சாமான் சிக்க மாட்டேங்குதுன்னு புலம்பிக்கிட்டே இருப்பாரு. இப்பப் பளபளன்னு மண்டபத்து வாசல்ல நிக்குது. பூச்சரம் நழுவி முன்சக்கரத்துல சிக்கியிருந்துச்சு, எடுக்கலாம்னு குனிஞ்சேன்.

உள்ளே ஆர்ம் எல்லாம் பச்சை. கிணத்து மோட்டாருக்கு அடிச்சது போக மிஞ்சுன பெயிண்டை எங்கய்யன் எங்க வண்டி ஆர்முக்கு அடிச்சப்ப, டப்பாவைப் புடிச்சுக்கிட்டு நின்னவ நான்தான். அடப்பாவி! கேட்டிருந்தா குடுத்திருப்பேனா? மாட்டேன். அது தெரிஞ்சுதான் கேக்கலை.

மண்டபத்துக்குள்ள இணைச்சீர். மாப்பிள்ளையும் கூடப்பொறந்தவளும் சரிசமம்னு ஊரறிய அவளைப் பக்கத்துல நிறுத்துற சடங்கு. அண்ணன் கல்யாணத்துல நின்னது நான். இப்ப அவரு மக புவனா நிக்கறா.

"வா அம்மணி, எப்படி நிக்கோணும்னு புள்ளைக்குச் சொல்லிக்குடு"ன்னு அண்ணன் வாயெல்லாம் பல்லாக் கூப்பிட்டாரு.

போனேன். அவ சேலை மடிப்பைச் சரிபண்ணிவிட்டேன். அப்புறம் கடைசி வரிசை வரைக்கும் கேக்கற மாதிரி சொன்னேன்.

"நல்லா நிமிந்து நில்லு கண்ணு. சரிசமமெல்லாம் இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான். நாளைக்கு உன்ற அண்ணன் சீருன்னு எதையாச்சும் கொண்டாந்தா, மொதல்ல குனிஞ்சு அடியில பாரு."