முடிவு எங்கே நின்றது?

மருத்துவமனை ஆய்வகத்தில் அவளுக்குத் 'துப்பறியும் புலி' என்று பட்டப்பெயர். எதையும் ஏன், எப்படி என்று துருவாமல் விடமாட்டாள். மூச்சுத் தொற்று ஊரையே முடக்கிப் போட்டிருந்த அந்த நாட்களில், நோயாளிகளின் மூக்கிலிருந்து எடுத்து வரும் மாதிரிகளைச் சோதிப்பதுதான் அவள் வேலை.

அன்று காலை வந்த மாதிரிக் குழாய்களில் ஒன்று அவளுடைய மாமியாருடையது. இருமலோடு முந்தின நாள்தான் அவரை அதே மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். தொற்று இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முடிவைக் கணினியில் ஏற்றிவிட்டு அடுத்த குழாயை எடுத்தாள்.

மத்தியானம் சாப்பிடப் போகும்போது வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றன. "உள்ள கட்டில் காலி இல்லையாம்" என்றார் காவலாளி. மாமியாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா என்று விசாரித்தாள். இல்லை. முடிவுக்குக் காத்திருப்பவர்களின் வார்டிலேயே இருந்தார். தொற்று இருப்பவரும் இல்லாதவரும் யார் எவர் என்று தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் இடம் அது.

அவளுக்கு மண்டை குடைந்தது. காலையிலேயே அனுப்பிய முடிவு எங்கே மாட்டிக்கொண்டது? சாப்பாட்டை மறந்து வார்டுப் பக்கம் நடந்தாள்.

வார்டுக்கு வெளியறையில் கணினி இருந்தது. காலை முடிவுகள் எல்லாம் சமர்த்தாகத் திரையில் நின்றன. நாற்காலியில்தான் ஆளில்லை. கண்ணாடித் தடுப்பைத் தட்டினாள். கவச உடையில் தலைமுதல் கால்வரை மூடிய நர்ஸ் வந்தார்.

"இதை யார் சிஸ்டர் பார்க்கிறது?"

"அங்க உக்கார்றவருக்கே காய்ச்சல். லீவுல இருக்கார்," நர்ஸ் கத்திச் சொன்னார். "நாங்க வெளிய வரணும்னா உடுப்பை மாத்தணும். உடுப்புக்கே தட்டுப்பாடு. ஷிஃப்ட் முடிஞ்சுதான் பார்ப்போம்."

யார் யாருக்குத் தொற்று என்று இவளும் பதிலுக்குக் கத்தினால் வார்டுக்கே கேட்கும். காகிதத்தில் கட்டில் எண்ணையும் முடிவையும் தடிமனாக எழுதி, நர்ஸுக்கு மட்டும் தெரியும்படி கண்ணாடியில் பிடித்தாள். ஒவ்வொன்றாக.

சற்று நேரத்தில் மாமியார் பையோடு வெளியே வந்தார்.

"காலையிலயே தெரியும்னா சொல்லக்கூடாதாம்மா?"

"சொன்னேன் அத்தை. கம்ப்யூட்டர்கிட்ட."

மாமியார் சிரிக்கவில்லை. "பக்கத்துக் கட்டில் பொண்ணுதான் எனக்குத் தண்ணி எடுத்துக் குடுத்துது. அதுக்கு என்ன வந்திருக்கு?"

அந்தக் காகிதத்தையும் அவள்தான் பிடித்திருந்தாள். "அதை அவங்ககிட்டதான் சொல்லணும் அத்தை. உங்களுக்கும் கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துடுவோம்."

மாமியாருக்குப் புரிந்துவிட்டது. முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, மருமகளிடமிருந்து இரண்டடி தள்ளி நடந்தார்.

விஷயம் தலைமை மருத்துவர் காதுக்குப் போனதும் அன்றே அந்த நாற்காலிக்கு வேறோர் ஆளைப் போட்டார். கட்டில்கள் காலியாகக் காலியாக, வாசல் வரிசை மெல்ல நகர்ந்தது.

மாமியாரின் அடுத்த சோதனையிலும் தொற்று இல்லை. மருமகள் போனில் அதைச் சொன்னபோது அவர் காதிலேயே வாங்கவில்லை.

"அது கிடக்கட்டும். அந்தப் பொண்ணு எப்படி இருக்கு?"

"எழுந்து உக்காந்து சாப்பிடறாங்க அத்தை. உங்களைத்தான் கேட்டாங்க."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சளி இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.