மூன்றாம் குழாயின் மணல்

1983-ஆம் வருஷம் கார்த்திகை மாதம், மதுரைக்கு அடுத்த பரவையில் வெல்டர் முத்திருளன் ஒரு புகைக்குழாய்க்குள் போட்டது அரைப்படி மணல்; தை முடிவதற்குள் அதிலிருந்து வெளியே வந்தது பதினோரு லாரி. பத்து லாரி வரைக்கும் ஊரில் எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். பதினோராவதில்தான் தகராறு. அதை எண்ணி முடிப்பதற்குள் ஒரு கோயில் கமிட்டி அள்ளிக்கொண்டு போய்விட்டது.

குழாய் ஒரு காருக்காகச் செய்தது. தெற்கு மாசி வீதியில் பட்டுநூலுக்குச் சாயம் போடும் குடும்பத்தில் பிறந்த சௌரிராஜன், பழைய இரண்டு கதவு ஹெரால்ட் ஒன்றை வாங்கி, கூரையை வெட்டியெறிந்து, பூனை நுழைய முடியாத அளவுக்குத் தரையோடு தாழ்த்தி, தங்கள் சாயத்தொட்டியில் கலக்கிய கத்தரிப்பூ நிறத்தை அதற்கு அடித்து வைத்திருந்தார். அந்த நிறத்தைப் பார்த்து மயங்கிப் பரவை மார்க்கெட்டில் ஒரு கிழவி பேரம் பேசாமல் கத்தரிக்காய் விற்றாள் என்பது பதிவான சங்கதி. மெட்ராஸ் பக்கம் சோழவரத்தில் நடக்கிற கார்ப் பந்தயத்தில் அந்த வண்டியை இறக்க வேண்டும் என்று சௌரிராஜனுக்கு ஆசை. அதற்காகச் சிங்கப்பூரிலிருந்து அவருடைய அத்தை மகன் ஒரு டர்போவைச் சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். பார்க்க இரண்டு இரும்பு நத்தைகள் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். எஞ்சின் வெளியே தள்ளுகிற புகை ஒரு நத்தைக்குள் பாய்ந்து அதன் சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சுற்றில் அடுத்த நத்தை காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்று. இதைச் சௌரிராஜன் படம் போட்டு விளக்கியபோது முத்திருளன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான்.

"அதாவது மொதலாளி, சாப்பிட்டு விட்ட ஏப்பத்துலயே அடுத்த வேளைச் சோத்தை வடிக்கிறது."

"அதேதாண்ணே. ஆனா ஏப்பத்துல ஒரு குறுமணல் இருந்துச்சுன்னா சக்கரத்து இதழெல்லாம் தெறிச்சிடும். தெறிச்சா எஞ்சின் பத்திக்கும்."

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்ட நாளிலிருந்து முத்திருளனுக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் காரை ஓட்டப்போவது அவனுடைய ஒரே தங்கை மாயக்காளின் புருஷன் வெள்ளைத்துரை. வெள்ளைத்துரை எழுமலைக்கும் மதுரைக்கும் தனியார் பஸ் ஓட்டுகிறவன். காலை ஐந்து மணிக்குச் சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ராத்திரி எட்டாகும். எழுமலையில் கறந்த பாலை மதுரையில் இறக்கும்போது நுரை அடங்கியிருக்காது, அவ்வளவு வேகம். செக்கானூரணி வளைவில் பயணிகளின் நிழல்கள் பின்தங்கிவிட்டு அடுத்த வண்டியில் வந்து சேர்ந்ததாக அந்த ரூட் கண்டக்டர்கள் சொல்வார்கள். மாயக்காளுக்கோ அப்போது ஏழாம் மாசம்.

கார் எஞ்சினின் நான்கு வாயிலிருந்தும் நான்கு குழாய் கிளம்பி, பாம்புபோல் வளைந்து, ஒன்றாகச் சேர்ந்து நத்தையின் வாயில் போய் முடிய வேண்டும். இரும்புக் குழாயை வெறுமனே வளைத்தால் வளைவில் நசுங்கிப்போகும். அதனால் ஆற்று மணலை உள்ளே இறுகத் தட்டி நிரப்பி, இரண்டு பக்கமும் மரக்கட்டை அடித்து அடைத்து, உலையில் பழுக்கக் காய்ச்சி வளைப்பார்கள். மணலை முதலில் வடைச்சட்டியில் போட்டு வறுக்க வேண்டும். ஈரம் இருந்தால் ஆவி கட்டையைப் பீரங்கிக் குண்டாக்கிவிடும். முத்திருளனின் கூட்டாளி சோணை ஒரு தடவை அசட்டையாக இருந்துவிட்டு, பறந்துபோன கட்டையைச் சமயநல்லூரில் ஒரு கல்யாணப் பந்தலில் போய் மன்னிப்புக் கேட்டு வாங்கி வந்தவர். எனவே முத்திருளன் தேனூர்ப் பக்கத்து மணலை மூன்று சலிப்பு சலித்து, கடலை வறுக்கிற பதத்துக்கு வறுத்துக்கொண்டிருந்தான். சாப்பாடு கொண்டுவந்த மாயக்காள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அண்ணன் கை கழுவப் போனதும் முந்தியை அவிழ்த்து, அதில் முடிந்திருந்த ஒரு பிடி மணலைச் சட்டியில் போட்டுக் கரண்டியால் கலந்துவிட்டாள். சித்திரையில் அழகர் வைகையில் இறங்கிய இடத்தில், ரோட்டில் வண்டி ஓட்டுகிற புருஷனுக்குத் துணையிருக்கட்டும் என்று வேண்டி அள்ளி வந்த மணல் அது. அந்தச் சட்டி மணல்தான் மூன்றாம் குழாய்க்குள் போனது.

குழாய்கள் அழகாகவே வளைந்தன. சாயங்காலம் கட்டைகளைத் தட்டி எடுத்ததும் ஒன்று, இரண்டு, நான்கு என்று மூன்று குழாய்களும் வாங்கிய மணலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தன. மூன்றாம் குழாய் மட்டும் அரைப்படியைக் கொட்டியது, பிறகு ஒரு கூடையைக் கொட்டியது, பிறகு இன்னொரு கூடை. முத்திருளன் கடையைப் பூட்டும்போதும் கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் மாயக்காளுக்கு வளைகாப்பு. வெள்ளைத்துரை லீவு போட்டு வீட்டில் இருந்தான். வளையல் போட்டுவிட்டு முத்திருளன் இலையில் பாதி இருக்கும்போதே எழுந்து கடைக்கு ஓடிவந்து பார்த்தான். மணல் நின்றிருந்தது. விட்டது சனி என்று நான்கு குழாய்களையும் எஞ்சினில் முடுக்குகிற தகட்டில் வைத்துப் பற்றவைத்தான். ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே ஒரு சுற்று, மேலே ஒரு சுற்று வெல்டிங்; இரண்டும் சேர்ந்தால்தான் சூட்டைத் தாங்கும். மூன்றாம் குழாய்க்குக் கீழ்ச்சுற்று முடிந்ததும் கேஸ் தீர்ந்துபோனது. மேல்சுற்றைக் காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்தான். காலையில் வந்தபோது மூன்றாம் குழாய் முழங்கால் உயரத்துக்கு மணலைக் கொட்டியிருந்தது.

அதன்பிறகு ஐம்பத்தெட்டு நாள் அது விடவில்லை. கவிழ்த்து வைத்தால் கொட்டியது, நிமிர்த்தினால் பொங்கியது. தண்ணீர் விட்டுக் கழுவினால் தண்ணீர் உள்ளே போய் மணல் வெளியே வந்தது. கட்டை வைத்து அடைத்தார்கள்; கட்டை தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு போனது. சோணை அதைத் தேடவில்லை. மணல் விழுகிற இடத்தில் பற்றவைக்க முடியாது, உருகிக் கண்ணாடியாகிவிடும். முயன்று பார்த்ததில் முத்திருளனுக்குக் கிடைத்தது பதினாறு பச்சைக் கோலிக்குண்டுகள்தான். குவியல் வளர்ந்து கடையை மூடி, திண்டுக்கல் ரோட்டுப் பக்கம் சரிந்தது. மார்க்கெட்டுக்கு வந்த மாடுகள் அதில் படுத்துக்கொண்டு எழ மறுத்தன. மதுரைக்கு வருகிற ரயிலின் டிரைவர் அதை அழகர்மலை என்று நினைத்துச் சௌகரியமாகக் கும்பிட்டுக்கொண்டார். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு வண்டி கொண்டுவந்து அள்ளிப்போய் வீடு கட்ட ஆரம்பித்தார்கள். நல்ல கூரான மணல், கொத்தனார்களே மெச்சினார்கள். ஆனால் சலிக்கும்போது அதில் மொட்டையடித்த முடிக்கற்றையும், உடைந்த வளையலும், பொட்டுக்கடலையும், வெல்லம் ஒட்டிய வாழையிலைத் துணுக்கும் வந்தன.

"ஏண்ணே, இது தேனூர் மணல் இல்லையே," என்றார் சோணை. "திருவிழா மணலால்ல இருக்கு."

"வாயை மூடுங்கண்ணே. எந்த மணலா இருந்தா என்ன, நிக்கணுமே."

அந்த நாட்களில் முத்திருளனுக்கு இருந்த பயத்தைத் தராசில் போட்டிருந்தால் மணலைவிடக் கனத்திருக்கும். தூக்கத்தில் ஒரு லட்சம் தடவை புரண்டான். சோற்றில் ஒரு கல் கடிபட்டால் தட்டை வைத்துவிட்டு வேர்த்துப்போய் உட்கார்ந்திருப்பான். வெள்ளைத்துரையிடம் ஒரு நாள் மெதுவாகப் பேச்செடுத்தான்.

"மாப்ள, இந்த வருஷம் வேணாம். அடுத்த வருஷம் ஓட்டுங்க."

"நல்லாயிருக்கே மச்சான். ஹெல்மெட்டு வாங்கியாச்சு. அதை மாட்டிக்கிட்டு பஸ் ஓட்டுனா சனம் இறங்கி ஓடிரும்."

மணல் தினமும் விடியற்காலை ஐந்துக்குத் தொடங்கி ராத்திரி எட்டுக்கு நின்றது. இதை முத்திருளன் கவனிக்கவில்லை. ஏழு மணிக்கே கடையைப் பூட்டிவிட்டுப் போகிறவனுக்கு அது தெரிய வழியும் இல்லை.

பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை காலை, கடையைத் திறந்தால் மூன்றாம் குழாய் வாயை மூடிக்கொண்டிருந்தது. தட்டினான், எதுவும் வரவில்லை. வெள்ளைத் துணியைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டு இழுத்தான். துணி வெள்ளையாகவே வந்தது. அன்றைக்கு வெள்ளைத்துரை பந்தயத்துக்காக லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டில் ஆட்டுக்கால் சூப் குடித்துக்கொண்டிருந்தான் என்பதை யாரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. முத்திருளன் அழுதுகொண்டே குழாயை எஞ்சினில் மாட்டினான். சௌரிராஜன் சமயநல்லூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். காற்று அமுங்குகிற விசில் சத்தத்தில் வழியில் இருந்த அத்தனை குக்கர்களையும் பெண்கள் இறக்கி வைத்தார்களாம். மணல் ஒரு பொடிகூட வரவில்லை. காரை லாரியில் ஏற்றி, வெள்ளைத்துரையைக் கிளீனர் பக்கம் உட்காரவைத்து, எல்லாரும் மெட்ராசுக்குக் கிளம்பினார்கள். மணல் நின்ற சந்தோஷத்தில் முத்திருளன் ஒன்றை மறந்திருந்தான். மூன்றாம் குழாயின் மேல்சுற்று போடப்படவே இல்லை.

அது அவனுக்கு நினைவு வந்த இடம் சோழவரம், நேரம் ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்று. வெள்ளைத்துரை ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். கிளப்பிய கணம் பின்குழாயிலிருந்து மெல்லிய கோடாக மணல் விழத் தொடங்கியது. முத்திருளனின் கண் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய், குழாய் வழியாக ஏறி, நத்தையைத் தாண்டி, மூன்றாம் இணைப்பில் போய் நின்றது. "நிப்பாட்டுங்க" என்று அவன் வாயைத் திறந்தான். கொடி விழுந்துவிட்டது.

முதல் சுற்றில் ஹெரால்ட் ஏழாவதாக வந்தது, இரண்டாவதில் நான்காவதாக, மூன்றாவதில் முதலாவதாக. அதற்குப் பின்னால் வண்டிகளே இல்லை. அவ்வளவும் மணலில் பதவிசாக வழுக்கி ஓரத்துப் புல்லில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. சௌரிராஜன் துள்ளினார். முத்திருளன் கம்பி வேலியைப் பிடித்தபடி சுற்றுகளை எண்ணினான். இணைப்பு பழுக்கும், பழுத்தால் பிளக்கும், பிளந்தால் தீ நாக்கு கார்புரேட்டரை நக்கும், அங்கே பெட்ரோல். ஏழாம் மாசமாக இருந்த மாயக்காளுக்கு இப்போது ஒன்பது. ஆறாம் சுற்றில், அவன் எண்ணியபடியே, எண்ணிய வளைவிலேயே, பானட்டுக்குள் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

தீ ஓர் ஆள் உயரம் எழுந்தது. வேலியை எப்படித் தாண்டினான் என்பது முத்திருளனுக்கே தெரியாது. வேட்டி அங்கேயே கம்பியில் இருந்தது. அவன் பாதி தூரம் ஓடுவதற்குள் மூன்றாம் குழாயின் பிளவு வழியாக மணல் பீறிட்டது. பெட்ரோல் பங்கில் சிவப்பு வாளியில் வைத்திருப்பார்களே, அப்படி ஆயிரம் வாளியை ஒரே நேரத்தில் கவிழ்த்ததுபோல. அது எஞ்சினை மூடியது, தீயை மூடியது, பானட்டைத் தூக்கி அப்பால் வைத்தது, சீட்டில் இருந்த வெள்ளைத்துரையைக் கழுத்து வரைக்கும் பக்குவமாகப் புதைத்துவிட்டு நின்றது. ஹெல்மெட் மட்டும் வெளியே தெரிந்தது.

"மச்சான்," என்றது ஹெல்மெட். "வேட்டியக் காணோமே."

முத்திருளன் இரண்டு கையாலும் அவனைத் தோண்டி எடுத்தான். மீசைகூடக் கருகியிருக்கவில்லை. நத்தையைக் கழற்றிப் பார்த்தபோது சக்கரத்து இதழ்கள் வெள்ளிக் குத்துவிளக்குபோல் பளபளவென்று துலங்கின. பரிசு யாருக்கும் இல்லை. 'பாதையில் மணல்' என்று எழுதிப் பந்தயக்காரர்கள் நோட்டை மூடிவிட்டார்கள்.

வீடு வந்ததும் மாயக்காள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். சட்டி, முந்தி, ஒரு பிடி. முத்திருளன் திட்டுவதற்காக வாயைத் திறந்து, பிளந்த இணைப்பை நினைத்து மூடிக்கொண்டான்.

"எம்புட்டுத்தான் போட்ட?"

"ஒரு பிடிதாண்ணே. கொஞ்சம் தாராளமான பிடி."

மாசியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சௌரிராஜன் டர்போவை மறுபடி சேலையில் சுற்றிப் பீரோவில் வைத்தார், காரைத் தன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஓட்டி நிறைவு கண்டார். வெள்ளைத்துரை பஸ்ஸுக்குத் திரும்பினான். புகைக்குழாயை முத்திருளன் கடை வாசலில் ஓர் ஆணியில் மாட்டி, மூன்றாவதன் மேல்சுற்றைப் போட்டு முடித்தான். பிளவு அடைபட்டாலும் குழாயின் வாய் அடைபடவில்லை. காலை ஐந்து மணிக்கு அது கொட்டத் தொடங்கும், ராத்திரி எட்டுக்கு நிற்கும். பஸ் ரிப்பேரான நாட்களில் நடுவில் நின்று மறுபடி தொடங்கும். அப்போதுதான் அவனுக்கு விஷயம் பிடிபட்டது. பிடிபட்டதும் அன்றைக்கே படுத்து இரண்டு பகல் தொடர்ந்து தூங்கினான்.

அதன்பிறகு அந்தக் குழாயைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. வீடு கட்டுகிறவர்கள் வந்து முறை சொல்லி அள்ளிக்கொண்டு போவார்கள். குடும்பத்தோடு வீட்டுக் கட்டிலைக் கடையின் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்ட முத்திருளனுக்கு மட்டும் அது கடிகாரமாகவும் தந்தியாகவும் இருந்தது. 1987 ஐப்பசியில் உசிலம்பட்டிப் பக்கம் ரோடே தெரியாத மழை. மணி எட்டு தாண்டியும் பஸ் வரவில்லை. மாயக்காள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் வந்து வாசலில் நின்றாள். முத்திருளன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ஆணியைப் பார்த்தான். மணல் சன்னமாக, ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது.

"ஓட்டிக்கிட்டுத்தான் இருக்காரு. மெதுவாத்தான் வாராரு," என்றான். "இது நிக்கவும் போயி உலையை வையி."