ஏழாம் பாரம்

அச்சகத்தின் பின்கட்டில் தாள் மடிக்கிறவளை எல்லோரும் ‘பைண்டிங் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாக மடிக்கிறாள். மடித்ததில் ஒரு வரி படித்ததில்லை. மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்பானா என்பாள்.

அச்சுக்கு வந்திருந்த ஒரு நாவலின் மூன்றாம் பாரத்தை மடிக்கும்போது தற்செயலாக ஓர் இடம் கண்ணில் பட்டது. கதையில் வருகிறவள் வெளியே போகும்போது ரேடியோவை அணைப்பதில்லை; திரும்பி வந்து கதவைத் திறக்கையில் உள்ளே யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டுமாம்.

கை நின்றுவிட்டது. கணவர் இறந்து, மகளும் கல்யாணமாகி வெளிநாடு போன பிறகு, ஆறு வருடமாக இவள் செய்வதும் அதைத்தான். மகளிடம்கூடச் சொன்னதில்லை.

அன்றிலிருந்து வேறு நினைப்பில்லை. ஒரு பாரம் என்றால் ஒரே தாளில் அச்சாகி வரும் பதினாறு பக்கம். கதை அப்படித் துண்டு துண்டாகத்தான் அவளிடம் வரும். ஆறாம் பாரத்துக்கு முன்னால் ஏழாம் பாரம் வந்து தொலைத்தது. ஆறாவதை முதலில் அடித்துத் தரச் சொல்லி மெஷின்காரரிடம் போய் நச்சரித்தாள்.

“என்னக்கா, உங்க கல்யாணப் பத்திரிகையா அடிக்கிறேன்?” என்று அவர் சிரித்தார்.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, சாப்பிட மறந்து படித்தாள்.

கடைசிப் பாரம் மட்டும் வரவே இல்லை. எழுத்தாளர் முடிவைத் திருத்திக்கொண்டிருக்கிறார் என்றார் முதலாளி.

நாலாம் நாள் எழுத்தாளரே வந்தார். அறுபது வயதிருக்கும், சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். திருத்திய தாள்களைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியவரை வாசலில் மறித்தாள். கேட்க நூறு இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

“சார், அந்த ரேடியோ விஷயம்... உங்களுக்கு யாரு சொன்னாங்க?”

அவர் தரையைப் பார்த்தார். “யாரும் சொல்லலம்மா. எங்க வீட்ல இப்பவும் அது பாடிட்டுதான் இருக்கும்.”

“வரேம்மா” என்று படியிறங்கிவிட்டார்.

கடைசிப் பாரத்தில் அந்தக் கதையில் வருகிறவளைத் தேடி யாரும் வரவில்லை. இவளுக்கு வருத்தமாக இருந்தது; ஆனால் பொய் சொல்லவில்லையே மனுஷன் என்றும் பட்டது.

மறுநாள் ஏதோ வருமான வரிக் கையேடு வந்து இறங்கியது. மடித்தாள், மனம் ஒட்டவில்லை. சனிக்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக நூலகத்துக்குப் போனாள். அவருடைய பழைய புத்தகம் ஒன்று அடித்தட்டில் கிடந்தது. உள்ளே ஒட்டியிருந்த இரவல் சீட்டில் ஒரே ஒரு தேதி, அதுவும் பதினோரு வருடத்துக்கு முந்தியது. ஜன்னலோரம் உட்கார்ந்து பிரித்தாள்.

மூடப்போகிறோம் என்று நூலகர் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் அவள் காதில் விழுந்தது.