காட்ச்சா இல்லாத கையேடு

“மேடம், புது புக்குல காட்ச்சா எங்க கீது?”

போனில் வந்த குரல் ஹேமாவதிக்குப் பழக்கமில்லை. மேடவாக்கத்தில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் கையேடு எழுதுவது அவள் வேலை. சந்தேகம் கேட்பதற்கென்று கடைசிப் பக்கத்தில் ஒரு எண் போடுவார்கள். அதில் இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

“நீங்க யாரு?”

“விக்கி மேடம். லிஃப்ட் மெக்கானிக்கு, இரும்புலியூரு. பழைய புக்குல கடைசில ரெண்டு பக்கம் இருக்குமே, காட்ச்சான்னு போட்டு?”

இருந்தது. ‘காட்ச்சா’ ஆங்கிலப் பேச்சுச் சொல்; ஏட்டு ஆங்கிலம் இல்லை. ஒளிந்திருந்து பிடிக்கிற பிள்ளை ‘மாட்டினியா!’ என்று கத்துமே, அந்த ரகம். இன்ஜினீயர்கள் அதைக் கையேட்டில் எழுதினால், வெளியே ஒன்றும் தெரியாது, அசந்தால் இங்கேதான் மாட்டுவாய் என்று அர்த்தம். பேச்சுச் சொல் எதுவும் இருக்கக் கூடாது என்று கம்பெனியில் விதி வந்தபோது ஹேமாவதிதான் அந்தத் தலைப்பை எடுத்தாள். அதன் கீழே இருந்தவற்றைப் பிரித்து, அந்தந்த அத்தியாயத்தில் ‘குறிப்பு’ என்று சேர்த்தாள்.

“எதையும் விடலை விக்கி. எல்லாம் உள்ளேயே இருக்கு. தலைப்புதான் இல்லை.”

“முழு புக்கை யாரு மேடம் படிக்கிறா? அந்த ரெண்டு பக்கந்தான் எங்களுக்கு. போன்ல புக்கைத் தொறந்து காட்ச்சான்னு அடிச்சித் தேடுவோம். புது லிஃப்ட்ல வேலை பண்ண அன்னிக்கும் தேடினேன். ஒண்ணும் இல்லைன்னு காட்டுச்சு. புது மாடலு, அதெல்லாம் சரி பண்ணிட்டானுங்கன்னு நெனச்சிகினு, மெயினை மட்டும் ஆஃப் பண்ணிட்டு கூட வேலை பாக்கற மாமாவை, எங்க அக்கா வூட்டுக்காரரை, லிஃப்டுக்கு அடில கீற குழிக்குள்ள இறக்கினேன்.”

ஹேமாவதி எழுந்து நின்றுவிட்டாள். கரண்ட் போனால் உள்ளே இருப்பவர்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, பேட்டரி லிஃப்டை ஒரு தளத்துக்கு இறக்கிவிடும். மெயினை அணைத்தாலும் அதற்குக் கரண்ட் போன கணக்குத்தான். பேட்டரியைத் தனியாக அணைக்க வேண்டும். பழைய கையேட்டில் முதல் காட்ச்சாவே அதுதான்.

“மாமாவுக்கு என்னாச்சு?”

“வலது கால் போயிடுச்சு மேடம். உசுரு கீது.”

அவனே பேசினான்.

“அக்கா என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது. அவசரத்துல கண்ணை மூடிகினு வேலை பண்ணேன்னு நெனைக்குது. நான் தேடிப் பாத்தேன்னு நீங்க ஒரு தபா வந்து சொல்லுங்க. வேற எதுவும் வாணாம்.”

இரும்புலியூருக்குப் போகப் போவதாக மானேஜர் உமேஷிடம் சொன்னாள்.

“போகாதே ஹேமா. அந்த விபத்து விசாரணை முடிஞ்சாச்சு. எச்சரிக்கை கையேட்டுல இருக்கு, மெக்கானிக் படிக்கலை. முடிஞ்சது.”

“அவங்க படிக்கிற இடத்துல இல்லையே சார். நான்தானே எடுத்தேன்?”

“விதிப்படிதானே எடுத்தே?”

“அந்தத் தலைப்பைத் திருப்பிப் போட்டுடலாமா?”

“காட்ச்சா, பூட்ச்சான்னு போட்டா வாங்கறவன் சிரிப்பான். விளையாட்டுப் புத்தகமா அது?”

ஞாயிற்றுக்கிழமை அவள் இரும்புலியூருக்குப் போனாள். ஜிஎஸ்டி சாலையில் விக்கி காத்திருந்தான். சவரம் செய்யாத முகம், இஸ்திரி போட்ட சட்டை. தெருவுக்குள் நுழைந்ததும் அவள் பின்னால் நடக்க ஆரம்பித்தான்.

அவன் அக்கா தனம் வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

“இன்னாம்மா, கம்பெனியா?”

“ஆமாங்க. அந்தப் புத்தகம் எழுதினது நான்தான். உங்க தம்பி பார்க்காம எதுவும் செய்யலை. தேடியிருக்காரு. அந்தச் சொல்லை நான் எடுத்துட்டதாலதான் அவருக்குக் கிடைக்கலை.”

“பேட்டரியை அணைக்கணும்னு புக்குல போட்டுகீதா இல்லியா? அதை மட்டும் சொல்லு.”

ஹேமாவதி விக்கியைத் திரும்பிப் பார்த்தாள்.

“போட்டிருக்கு. ஆனா வேற இடத்துல...”

“போட்டுகீதுல்ல?”

“போட்டிருக்கு.”

“கேட்டியாடா? வக்கீல் மாதிரி ஆளைக் கூட்டியாந்த. அதுவே சொல்லுது, புக்குல கீதாம்.”

“அக்கா, அது அப்டி இல்லக்கா. நாங்க காட்ச்சாதான் பாப்போம், மாமாவும் அப்டித்தான். மாமாவக் கேளு.”

“அவரைக் கேக்கச் சொல்றியா? இன்னாத்தக் கேக்க? தம்பி ஒரு வார்த்தையத் தேடினானாம், கெடைக்கலியாம், அதான் ஒனக்குக் கால் இல்லன்னா?”

உள்ளேயிருந்து தனத்தின் கணவன் பாலுவின் குரல் வந்தது. “யாரு தனம்?”

“கம்பெனிலேர்ந்து.”

“உள்ள கூப்புடு. உக்காந்து பாக்கற வேலை எதுனா இருக்கான்னு கேக்கணும்.”

தனம் ஹேமாவதியின் முகத்தைப் பார்த்தாள்.

“இருக்கா?”

“நான் எழுதறவதாங்க. அதெல்லாம் என் கையில இல்லை.”

“அப்ப எதுக்கு வந்தே?”

கதவை அவள் அறைந்து சாத்தவில்லை; மெதுவாகத்தான் மூடினாள். உள்ளே பாலு மறுபடி ஏதோ கேட்டான். அதற்கு அவள் சொன்ன பதில் வெளியே கேட்கவில்லை.

விக்கி தெருப் பக்கம் திரும்பினான்.

“நீங்க வராமயே இருந்திருக்கலாம் மேடம். என் மேல கோவம்னாலும், ஒருவேளை புக்குலயே இல்லியோன்னு மனசுல ஒரு மூலைல நெனச்சிகினு இருந்துச்சு அக்கா. இப்ப அதுவும் போச்சு.”