இடதுபக்கத்து மூன்றாவது பட்டன்

ஆறு மணிக்கு எழுந்தேன். முகம் மழித்தேன். பால் காய்ச்சிக் குடித்தேன். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். கீழே ஷெட்டுக்குப் போய் வண்டியின் பேட்டரி வயரை மாட்டி, ஏழு நிமிடம் ஓடவிட்டேன். பதினோரு மாதமாக இதே வரிசைதான். இன்று ஏலம் என்பதால் அணைக்கவில்லை.

வண்டி என் மனைவியுடையது. அறுபது வருடப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், மேலே மடக்கும் துணிக்கூரை. உடைசலாக வாங்கி, நான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே சரிசெய்தாள். கூரையை மூட இரண்டு பக்கமும் ஆள் நின்று பட்டன் பட்டனாக அழுத்த வேண்டும். தனி ஆளுக்குக் கால் மணி நேரம்.

பக்கத்து சீட்டில் அத்தை, அவளுடைய அம்மா. வழக்கம்போலக் கேட்டார்.

"மாப்பிள்ள, அவ கடைசியா சொன்னத ஒரு தடவ சொல்லுங்களேன்."

"அம்மாவப் பாத்துக்கோன்னு சொன்னா, அத்தை."

சின்ன ஆபரேஷன் என்றுதான் உள்ளே கொண்டுபோனார்கள். அவள் கண் திறக்கவில்லை. அன்று அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது வாயில் வந்தது இந்த வாக்கியம். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் சாப்பிடுகிறார், தூங்குகிறார்.

ஏலக் கொட்டகையில் வண்டியின் முன்கண்ணாடியில் ஏல எண் முப்பத்தொன்று என்று ஒட்டினார்கள். வாங்க வந்த பல் டாக்டர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கூரைய மூடிக் காட்டுங்க."

வலதுபக்கம் தொடங்கினேன். இடதுபக்கம் துணி தொங்கியது. ஒரு புரோக்கர் சிரித்தார்.

"மூடவே ரெண்டு பேரா? அப்ப கல்யாணம் ஆகாதவன் வாங்க முடியாதுன்னு சொல்லுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். அத்தை கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு இடதுபக்கம் போய் நின்றார்.

"இங்க ஒண்ணு போடல," என்றார் டாக்டர்.

"இது அழுந்த மாட்டேங்குது, மாப்பிள்ள."

"கீழ இழுத்து அழுத்தணும், அத்தை. நானும் அத விட்டுடுவேன். அவ திட்டுவா."

அத்தை இழுத்து அழுத்தினார். கூரைக்கு மேலாக என்னையே பார்த்தார்.

ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். சுத்தியல் விழுந்தது. டாக்டர் கூரையைத் திறக்காமலே ஓட்டிக்கொண்டு போனார்.

நாங்கள் பஸ்ஸுக்கு நின்றோம்.

"அன்னிக்கு நீங்க தொப்பலா நனஞ்சிருந்தீங்க," என்றார் அத்தை. "அவள உள்ள கொண்டுபோனப்ப நீங்க வண்டிகிட்ட இருந்தீங்க. இல்ல?"

"ஆமா."

"அதுவுமில்லாம, அவ என்னிக்கு என்னைய அம்மான்னு கூப்பிட்டா? கெழவிம்பா. நெஜமா என்ன சொன்னா? சொல்லுங்க. நான் ஒண்ணும் செத்துப்போயிட மாட்டேன்."

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைத் திறந்தபடியே விட்டிருந்தேன். அவள் கட்டிலிலிருந்து ஜன்னலைப் பார்த்தாள். சொன்னாள். நான் போனேன். திரும்பி வந்தபோது கட்டில் காலி.

அத்தையிடம் அதை அப்படியே சொன்னேன்.

"மழ வருது பாரு, போய்க் கூரைய மூடிட்டு வா. எடதுபக்கம் மூணாவது பட்டன விட்டுடாத, லூசு."