கடன்படாத பெருமை

முதல் வீடு வாங்குவோருக்கு முற்பணத்தில் பாதியைத் தரும் லூயிஷாம் நகர அலுவலகத்தில் தேவராசா நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஒரு கிரெடிட் கார்ட் இல்லை, கடன் இல்லை. சீட்டுக்காசும் ஒரு மாதம் பிந்தினதில்லை."

மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த அலுவலகப் பெண் கணினியைப் பார்த்தாள். கடனே வாங்காதவருக்குக் கிரெடிட் ஸ்கோரும் இல்லையாம். சீட்டெல்லாம் கணக்கில் வராதாம். முதலில் கார்ட் எடுத்து, கடன்பட்டு, ஒழுங்காகக் கட்டிக் காட்டிவிட்டு வரட்டுமாம்.

பக்கத்திலிருந்த மனைவி யசோதினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார்டில் சோபா வாங்கிய அவளுடைய தம்பி துஷாந்தனை, கோயில் வாசலில் வைத்தே கடன்காரன் என்று நக்கலடித்த வாயல்லவா இது! அந்தத் துஷாந்தனுக்குப் போன மாதம் இதே அலுவலகம் அள்ளிக் கொடுத்திருந்தது.

வெளியே வந்ததும் தேவராசாவின் குரல் இறங்கியது. "இப்ப என்னப்பா செய்யிறது?"

"என்ரை தம்பியிட்டைப் போங்கோ. கடன்படுறது எப்பிடியெண்டு வடிவாச் சொல்லித் தருவான். கையைக் கட்டிக்கொண்டு நிண்டு கேளுங்கோ."