சும்மா நின்றவள்

விடிவதற்குள் சலவை ஆலையில் துணி தேய்க்கும் ஆறு உருளைகளும் சூடேறிவிட்டன. உருளைக்கு ஒருத்தியாக நின்று, ஈர விரிப்புகளை உதறி, விளிம்பு பிடித்து உள்ளே செலுத்திக்கொண்டிருந்தார்கள் பெண்கள். ஆவியில் முகம் வெந்தது; சலவைச் சோடா நெடி தொண்டையை அறுத்தது.

முதலாளி வரவழைத்த ஆலோசகருக்கு உள்ளே வரக் கால் எழவில்லை. மூன்று மாதத்துக்கு முன் இங்கே கடிகாரத்தோடு நின்று வேலையை அளந்தவர் அவர்தான். அப்போது உருளைக்கு இரண்டு பேர். ஒருத்தி வேலை செய்கிறாள், இன்னொருத்தி கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறாள் என்று அறிக்கை எழுதினார். சும்மா நின்ற ஆறு பேருக்கும் சீட்டுக் கிழிந்தது. போன வாரம் மூன்றாம் உருளை, தனியாக நின்றவளின் நான்கு விரல்களை இழுத்துக்கொண்டது; அவள் இடத்தில் இப்போது புதிதாக ஒருத்தி. அந்தக் கயிறு, கை சிக்கினால் உருளையை நிறுத்தும் கயிறு. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். பெரிய மேதாவி, கேட்கவில்லை.

"அவ கவனக்குறைவுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, போதும்," என்றார் முதலாளி.

"இங்க வேலை செய்யறவங்ககிட்ட கேட்டுட்டு எழுதறேன்," என்றார் ஆலோசகர்.

"அவங்ககிட்ட என்னய்யா கேக்கறது? அதுக்குத்தானே உங்களை வரவழைச்சேன்!"

ஆலோசகர் நேரே விரல் போனவளின் அக்காவிடம் போனார். ஆலையே அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடும்.

"தப்பு என்னோடதும்மா. மன்னிச்சிடுங்க."

"உங்க மன்னிப்ப வச்சு நான் என்ன சார் பண்றது? என் தங்கச்சிக்கு விரல் முளைக்குமா?"

அவர் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். "எப்படிச் சரி பண்றதுன்னு நீங்க சொல்லுங்க. நான் எழுதறேன்."

பெரியக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்பவாவது கேக்கத் தோணுச்சே! எல்லாரும் வாங்கடி, சார் பாடம் படிக்க வந்திருக்காரு."

உருளைகளை நிறுத்திவிட்டு வந்தார்கள்.

"பிழியற மெஷின் பாதி ஈரத்தோடதான் துப்புது. அதான் துணி ஒட்டுது, கையை உள்ள விட வேண்டியிருக்கு," என்றாள் ஒருத்தி.

"அதை முதல்ல ரிப்பேர் பண்ணணும்," என்றாள் இன்னொருத்தி.

"கயித்துக்கு ஆள் வேணும். போன ஆறு பேரும் திரும்பி வரணும்," என்றாள் பெரியக்கா.

அத்தனையையும் எழுதினார். மேலே, முதல் வரியாக, என் அறிக்கை தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டார். பெண்கள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

"இனிமே உங்களுக்கு எவன்யா வேலை குடுப்பான்?" என்று காகிதத்தைப் பார்த்துவிட்டு ஆலோசகரிடம் கத்தினார் முதலாளி. "ஏய், மெஷினுக்குப் போங்கடி! இல்லேன்னா எல்லாரும் வெளிய!"

"போறோம், உருளைக்கு ரெண்டு பேரா. மூணுதான் ஓடும். வேணும்னா எங்களை அனுப்பிட்டு நீங்களே ஓட்டிப் பாருங்க," என்றாள் பெரியக்கா.

மூன்று உருளைகள் ஓடின. மூன்று ஆறிக் கிடந்தன. முதலாளி யாருக்கோ ஃபோன் போட்டார். நாளைக்கு யாருக்கு வேலை இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

நழுவப் பார்த்த ஆலோசகரைப் பெரியக்கா விடவில்லை.

"சாயங்காலம் எங்க வீட்டுக்கு வாங்க. வேலை போன ஆறு பேரும் வருவாங்க. அந்தக் காகிதத்தை என் தங்கச்சி முன்னால நீங்களே படிக்கணும்."

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "வர்றேம்மா," என்றார்.